பன்றியின் குருதியிலுள்ள ஓமோன்களும் வளர்ச்சி, இனவிருத்தி ஆகியவற்றை முன்னறிதலும்

நெல் குற்றியபின் எஞ்சும் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, விற்பனைக்கு உதவாத வற்றாளை, மரக்கறிக் கழிவு ஆகியவற்றைக் கொண்டு இரண்டொரு பன்றிகளை வளர்க்கும் கமக்காரருக்கு இறைச்சியால் வரும் பணத்தோடு, மரக்கறிப் பாத்திகளுக்கு வேண்டிய எருவும் கிடைக்கின்றது. ஆயினும் இம்முயற்சியின் இலாபமும் நட்டமும் சில தீர்மானங்களிலேயே தங்கியுள்ளன. ஓர் ஈற்றிற் பிறந்த பெண்குட்டிகளுள் எதனை இனவிருத்திக்கென நிறுத்துவது? எதனை இறைச்சிக்கு விற்பது? ஆண்பன்றியுடன் சேர்க்கப்பட்ட பன்றி சினைப்பட்டுள்ளதா, அன்றி வெறுமையாக நிற்கின்றதா?

இவற்றிற் பிழை நேரின் வரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் எளிது. சினைப்பன்றியெனக் கருதி நாளொன்றுக்கு 2½ கிலோகிராம் தீன் கொடுக்கப்படும் பன்றி உண்மையிற் சினைப்படாதிருந்து, ஒரு வேட்கைக்காலமும் கவனிக்கப்படாது கழியுமாயின், 21 நாளில் 52 கிலோகிராமுக்கு மேற்பட்ட தீன் வீணாகின்றது. குட்டி ஈனவேண்டிய நாள்வரை அது தெரியாதிருக்குமாயின் 114 நாளுக்கு 285 கிலோகிராம் தீன் பயனின்றிப் போகின்றது. சிறு கமக்காரர் ஒருவருக்கு இது பொறுக்கக்கூடிய நட்டமன்று.

பன்றியின் குருதியிலுள்ள ஓமோன்களை அளந்து, அது எவ்வாறு வளரும், எப்பொழுது வேட்கை கொள்ளும், சினைப்பட்டதா என்பனவற்றை முன்னரே அறியலாமா என விஞ்ஞானிகள் நீண்ட காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். சிலவற்றை அறியலாம், சிலவற்றை அறிய இயலாது. அவ்வாராய்ச்சிகளாற் கமக்காரருக்குக் கிடைக்கும் பயன் யாது என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் பொருளாகும்.

ஓமோன் என்பது யாது?

உடலிலுள்ள சில சுரப்பிகள் தாம் சுரக்கும் பொருள்களை நேரே குருதியில் விடுகின்றன. அப்பொருள்கள் குருதியோடு சென்று, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பைத் தொழிற்படச் செய்கின்றன. வாய்க்காலின் தலைப்பிலே திறந்துவிடப்பட்ட நீர் கடைசி வயலை அடைந்து பயிரை வளர்ப்பது போன்றது இது. இப்பொருள்களுக்கு ஓமோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஏணெஸ்ற் ஸ்ராலிங் வழங்கினார்.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனையும், சூலகத்தைத் தூண்டும் ஓமோன்களையும் சுரக்கின்றது. சூலகம் ஈஸ்திரஜனையும் புரொஜெஸ்தரோனையும், ஆண்பன்றியின் விதைகள் தெஸ்தெஸ்தரோனையும், சதையி இன்சுலினையும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி கோட்டிசோலையும் சுரக்கின்றன.

குருதியில் இவை இருக்கும் அளவு மிகமிகச் சிறிது. இதனைக் கூறுவதற்கு நனோகிராம் என்னும் அளவு பயன்படுகின்றது. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்காகும். இத்துணைச் சிறிய அளவைக் கணிக்கும் முறையொன்றை அமெரிக்க அறிஞர்களான றொசலின் யாலோ, சொலமன் பேர்சன் என்போர் 1950களின் இறுதியில் வகுத்தனர். அதற்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். பேர்சன் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். இம்முறையும் இதன்பின் வந்த எளிய முறைகளுமே பன்றிகளின் ஓமோன்களை ஆராய வழி திறந்தன.

வளர்ச்சியை முன்னறிதல்

குட்டியின் வளர்ச்சிக்கு வளர்ச்சி ஓமோன் இன்றியமையாததாகையால், அதன் அளவு கூடிய குட்டியே விரைவில் வளரும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவ்வோமோன் குருதியில் ஒரே சீராக இருப்பதில்லை. அது துடிப்புத் துடிப்பாகச் சுரக்கப்படுகின்றது. ஒரு வேளையில் மிகுந்தும், சிறிது நேரத்தின் பின் மிகக் குறைந்தும் காணப்படும். ஆகவே ஒருமுறை எடுத்த குருதியிலிருந்து எதையும் துணிந்து கூற முடியாது.

வளர்ச்சி ஓமோனின் ஏவலால் ஈரல் மற்றொரு பொருளைச் சுரக்கின்றது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என அது பெயர்பெறும். அது நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால் ஒருமுறை எடுத்த குருதியும் போதியதாகின்றது. 1990களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் அவுஸ்திரேலியப் பன்றி வளர்ப்பாளர், ஏறத்தாழ நான்கைந்து வார வயதுடைய குட்டிகளின் குருதித் துளிகளைத் தாளில் ஒற்றியெடுத்து, இக்காரணியை அளந்து, இனவிருத்திக்குரிய பன்றிகளைத் தெரிவதற்குத் துணையாகக் கொண்டனர்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. ஒரு குட்டிக்கு நல்ல தீன் கொடுத்தால் அதன் குருதியில் இக்காரணி கூடும். பட்டினி கிடந்தாலும் நோயுற்றாலும் குறையும். இதனைக்கொண்டு, அளவு கூடிய குட்டியே தெரிவதற்குச் சிறந்தது எனப் பலரும் கருதுவர். ஆயின் ஒரே வகையாக வளர்க்கப்பட்ட பல குடும்பங்களின் குட்டிகளை ஒப்பிட்டபோது வேறு செய்தி கிடைத்தது. பரம்பரையாக இக்காரணி குறைந்துள்ள குடும்பங்களே கொழுப்புக் குறைந்தனவாகவும், குறைந்த தீனைக் கொண்டு ஒரு கிலோகிராம் நிறையைப் பெறுவனவாகவும் இருந்தன. இத்தொடர்பும் எல்லா மந்தைகளிலும் ஒரே வலிமையுடன் காணப்படவில்லை.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாதெனில், குருதியிலுள்ள அளவு தீனின் நிலையையும் பரம்பரையின் இயல்பையும் கலந்தே காட்டும் என்பதாம். ஒரே தீனும், ஒரே கொட்டிலும், ஒரே வயதும் உடைய குட்டிகளை ஒப்பிட்டால் மாத்திரமே அவ்விரண்டையும் பிரித்தறியலாம். நல்ல நிலத்தில் நின்ற நெல்லையும் உவர் நிலத்தில் நின்ற நெல்லையும் ஒப்பிட்டு விதைநெல் தெரியும் கமக்காரர் இல்லை. பன்றிக்கும் அவ்விதியே பொருந்தும்.

வேட்கையும் சூல் விடுதலும்

இளம் பெண்பன்றி பொதுவாக ஆறேழு மாத வயதில் முதல் வேட்கை கொள்ளும். அதன்பின் சராசரி 21 நாளுக்கு ஒருமுறை, அதாவது 18 முதல் 24 நாளுக்குள், வேட்கை திரும்பத் திரும்ப வரும். இச்சுற்று முழுவதையும் ஓமோன்களே நடத்துகின்றன.

வேட்கை அணுகும்போது சூலகத்திலுள்ள புடைப்புகள் பருத்து ஈஸ்திரஜனைச் சுரக்கின்றன. அதனாற் பெண்ணுறுப்பு சிவந்து வீங்குகின்றது. பன்றி அமைதியின்றி அலைகின்றது. தீனிற் கவனம் குறைகின்றது. ஈஸ்திரஜன் உச்சநிலையை அடைந்ததும் கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனை ஒருமுறை பெருமளவிற் சுரக்கின்றது. அதற்கு ஏறத்தாழ 40 மணித்தியாலத்தின் பின் சூல்கள் விடப்படுகின்றன. சூல் விட்ட இடங்களில் மஞ்சட் சடலங்கள் தோன்றிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கின்றன.

லூட்டினாக்கும் ஓமோனின் உச்சத்தைக் குருதியிற் கண்டுபிடிக்க வேண்டின், சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை குருதி எடுத்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் இது இயலும். கமக்காரரின் கொட்டிலில் இயலாது. ஆனால் அவ்வுச்சத்தை அண்டிய காலத்தைப் பன்றி தன் உடலாலேயே காட்டுகின்றது. ஆண்பன்றியின் முன்னிலையில் அதன் முதுகைக் கையால் அழுத்தும்போது, காதை நிமிர்த்திக்கொண்டு அசையாது நிற்குமாயின், சேர்க்கைக்குரிய காலம் வந்துவிட்டது. முதலில் அவ்வாறு நின்ற நாளிலும் அடுத்த நாளிலும் சேர்த்தல் நன்று.

சினையை முன்னறிதல்

குருதிப் பரிசோதனை மிகுந்த பயன் தரும் இடம் இதுவேயாகும். வேட்கை நாளிற் புரொஜெஸ்தரோன் ஒரு மில்லிலீற்றர்க் குருதியில் ஒரு நனோகிராமிலும் குறைவாக இருக்கும். சூல் விட்டபின் நாளுக்கு நாள் ஏறி, சுற்றின் நடுப்பகுதியில் இருபது, முப்பது நனோகிராம் வரை உயரும். பன்றி சினைப்படாவிடின் 15ஆம், 16ஆம் நாளளவிற் கருப்பையிலிருந்து வரும் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள் மஞ்சட் சடலங்களை அழிக்கின்றது. அளவு விரைவாக வீழ்கின்றது. சினைப்பட்டிருப்பின் அது வீழாது உயர்ந்தே நிற்கும்.

ஆகையாற் சேர்த்து 18 முதல் 21 நாளுக்குள் எடுத்த குருதியிற் புரொஜெஸ்தரோன் மிகக் குறைவாயின், அப்பன்றி வெறுமையானது என ஏறத்தாழ ஐயமின்றிக் கூறலாம். உயர்ந்திருப்பின் சினையென்று கருதலாமேயொழிய உறுதி கூற இயலாது. சேர்த்த நாள் பிழையாயினும், சுற்று நீண்டதாயினும், சினையில்லாத பன்றியிலும் அளவு உயர்ந்து நிற்கலாம்.

மஞ்சட் சடலங்கள் அழியாது காப்பவை கருக்களே. அவை 11ஆம், 12ஆம் நாளளவில் ஈஸ்திரஜனைச் சுரந்து தாம் இருப்பதைத் தாய்க்கு அறிவிக்கின்றன. அந்நாளிற் கருப்பையில் நான்கு கருக்களாவது இல்லாவிடின் சினை பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பதனை 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சேர்க்கை நடந்தும் பன்றி மீண்டும் வேட்கைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கருக்கள் சுரக்கும் ஈஸ்திரஜன்களுள் ஒன்று ஈஸ்திரோன் சல்பேற்று என்னும் வடிவில் தாயின் குருதிக்கு வருகின்றது. சேர்த்து 25 முதல் 30 நாளுக்குள் இது உயர்ந்திருப்பின் வயிற்றில் உயிருள்ள கருக்கள் உள்ளன என்பது தெளிவு. கருக்கள் பலவாயின் அளவும் பொதுவாகக் கூடும். எனினும் இதனைக்கொண்டு இத்தனை குட்டிகள் பிறக்கும் என எண்ணிக்கை கூற முடியாது.

சேர்த்த புதிதில் இளம் பன்றிக்கு மிகுதியான தீன் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். குருதியிலுள்ள ஓமோனின் அளவு சுரக்கும் அளவை மாத்திரம் பொறுத்ததன்று. அதனை ஈரல் அழிக்கும் வேகத்தையும் பொறுத்தது. தீன் மிகும்போது ஈரலுக்குச் செல்லும் குருதி மிகுகின்றது. புரொஜெஸ்தரோன் விரைவில் அழிகின்றது. அதனாற் சில கருக்கள் நிலைக்காது போவதனை ஆராய்ச்சிகள் பல கண்டுள்ளன. சேர்க்கைக்கு முந்திய பத்துப் பதினான்கு நாளுக்குத் தீனைக் கூட்டினால் விடப்படும் சூல்கள் கூடும். சேர்த்தவுடன் வழமையான அளவுக்குத் திரும்புதல் நன்று.

பால்மறந்தபின் வேட்கை

குட்டிகள் பால் குடிக்கும்வரை தாய்ப்பன்றியின் கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனைப் போதியவாறு சுரப்பதில்லை. குட்டிகளைப் பிரித்ததும் அது மீண்டும் சுரந்து, நல்ல நிலையிலுள்ள தாய் நான்கு முதல் ஏழு நாளில் வேட்கை கொள்ளும்.

பால் கொடுக்கும் காலத்திற் போதிய தீனின்றி மெலிந்த தாயின் குருதியில் இன்சுலினும் வளர்ச்சிக் காரணியும் தாழ்ந்திருக்கும். புடைப்புகள் வளர்வதற்கு இவ்விரண்டும் வேண்டும். ஆகவே அத்தகைய தாய் வேட்கைக்கு வரத் தாமதிக்கும். வந்தாலும் அடுத்த ஈற்றிற் குட்டிகள் குறையலாம். முதல் ஈற்றுத் தாய் தானும் வளர்ந்துகொண்டே பால் கொடுப்பதால், இக்கேடு அதற்கே மிகுதியாக நேரும்.

கமக்காரர் பலர் சினைக்காலத்தில் மிகையாகவும், பால்கொடுக்குங் காலத்திற் சுருக்கமாகவும் தீன் கொடுக்கின்றனர். இது தலைகீழான முறையாகும். ஈனும்போது மிகக் கொழுத்திருந்த தாய் ஈன்றபின் குறைவாகவே உண்ணும்; அதனால் விரைவில் மெலியும். சினைக்காலத்தில் அளவாகவும், பால்கொடுக்குங் காலத்தில் அது உண்ணக்கூடிய அளவும் கொடுத்தல் வேண்டும். குடிநீர் எந்நேரமும் இருத்தல் அவசியம். வெப்பமான நாள்களிற் காலையிலும் மாலையிலும் குளிர்ந்த வேளையில் தீனிட்டால் தாய் கூடுதலாக உண்ணும்.

ஆண்பன்றி

தெஸ்தெஸ்தரோன் கூடிய ஆண்பன்றியே சிறந்தது என்பது பொதுவான எண்ணம். இது முழு உண்மையன்று. குறித்த அளவு இவ்வோமோன் இருப்பின் சேர்க்கைக்கு அது போதும். அதற்கு மேற்பட்ட அளவு ஊக்கத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. விந்தின் அளவை முன்னறிவதற்கு விதைகளின் பருமனும், இரண்டும் ஒத்த அளவாயிருத்தலுமே எளிய அடையாளங்களாகும்.

ஆண்பன்றியின் உமிழ்நீரிலுள்ள மணப்பொருள் பெண்பன்றியை அசையாது நிற்கச் செய்கின்றது. ஐந்தரை மாத வயதளவில் இளம் பெண்பன்றிகளை நாள்தோறும் சிறிது நேரம் முதிர்ந்த ஆண்பன்றியின் அருகே விட்டால் முதல் வேட்கை முந்தி வரும். ஆயினும் இரவல் ஆண்பன்றியை ஊரூராகக் கொண்டு செல்லுதல் ஆபத்தாகும். 2024ஆம் ஆண்டில் இலங்கையிலும் தோன்றிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்தில்லை. அது பன்றிகள் ஒன்றுகூடும் இடமெங்கும் பரவும்.

அளவு பொய்க்கும் இடங்கள்

குருதிப் பரிசோதனையும் சில வேளைகளில் தவறான செய்தியைத் தரும். மூக்கிற் கயிறிட்டுப் பிடித்த பன்றியிற் சில நிமிடத்துக்குள் கோட்டிசோல் உயர்ந்துவிடும். அவ்வாறு எடுத்த குருதியைக் கொண்டு பன்றி எந்நாளும் கலக்கமுற்றிருக்கின்றது எனக் கூறுதல் தவறாகும். அன்றியும் அவ்வோமோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. எனவே எடுத்த நேரம் குறிக்கப்படாத பரிசோதனையாற் பயனில்லை.

பூஞ்சணம் பிடித்த சோளத்திலிருந்து வரும் கேடு இன்னும் பெரிது. ஒருவகைப் பூஞ்சணம் ஈஸ்திரஜனைப் போலத் தொழிற்படும் நஞ்சொன்றை உண்டாக்குகின்றது. அத்தீனை உண்ட இளம் பன்றிகளின் பெண்ணுறுப்பு வேட்கையின்றியே வீங்கும். பருவமடைந்த பன்றிகளில் மஞ்சட் சடலங்கள் அழியாது நின்று போலிச் சினையை உண்டாக்கும். அந்நிலையிற் புரொஜெஸ்தரோனும் உயர்ந்திருப்பதால், கண்ணும் பரிசோதனையும் ஒருங்கே ஏமாறும். நனைந்த, பூஞ்சணம் பிடித்த தானியத்தை எக்காரணங்கொண்டும் இனவிருத்திப் பன்றிகளுக்கு இடலாகாது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

(1) ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு பக்கம் வைத்துக் குறிப்பேடு எழுதுக. பிறந்த நாள், தாய், வேட்கை நாள்கள், சேர்த்த நாள், ஈன்ற நாள், பிறந்த குட்டிகள், பால்மறந்த குட்டிகள் ஆகியன அதில் இருத்தல் வேண்டும்.

(2) தராசு இல்லாதவிடத்து அளவு நாடாவினால் நிறையை மதிப்பிடலாம். முன்னங்கால்களின் பின்னாற் சுற்றிய மார்பளவை மீற்றரில் எடுத்து, அதனை அதனாற் பெருக்கி, காதடியிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தாற் பெருக்கி, வருந்தொகையை 69 ஆற் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோகிராமில் நிறை வரும். மார்பளவு 1 மீற்றரும் நீளம் 1 மீற்றருமாயின் நிறை 69 கிலோகிராமாகும். மாதம் ஒருமுறை இதனைக் குறித்துவரின் எக்குட்டி விரைவாக வளர்கின்றது என்பது தெளிவாகும்.

(3) இனவிருத்திக்குரிய பெண்குட்டியை, பல குட்டிகளை ஈன்று வளர்த்த தாயின் ஈற்றிலிருந்து, ஒரே தீனில் வளர்ந்த உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டுத் தெரிக. முதல் வேட்கையை முந்திக் காட்டும் குட்டிக்கு முதலிடம் கொடுக்க.

(4) சேர்த்த 18ஆம் நாள் முதல் 24ஆம் நாள்வரை காலையும் மாலையும் வேட்கைக் குறிகளைத் தேடுக. 42ஆம் நாளை அண்டியும் அவ்வாறே செய்க. ஜனவரி 1ஆந் திகதி சேர்த்த பன்றியை ஜனவரி 22ஆந் திகதியளவிலும், பெப்ரவரி 12ஆந் திகதியளவிலும் கவனித்தல் வேண்டும். சினையாயின் ஏப்பிரில் 25ஆந் திகதியளவில், அதாவது 114 நாளில், ஈனும்.

(5) ஐயம் நீங்காதாயின், சேர்த்த நாளைத் தவறாது கூறி மிருக வைத்திய அதிகாரியின் ஆலோசனையைப் பெறுக. அந்நாள் தெரியாவிடின் புரொஜெஸ்தரோன் அளவின் பொருளை எவராலும் கூற இயலாது.

(6) ஈனும் நாள் நெருங்கியதும் பன்றி வைக்கோலைச் சேர்த்துக் கூடுகட்ட முற்படுவதையும், காம்பிற் பால் வருவதையும் கவனிக்க. புரொஜெஸ்தரோன் வீழ்ந்துவிட்டதன் வெளிக்குறிகள் இவை. பால் தாராளமாக வரத் தொடங்கின் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அன்றிரவு அருகில் ஆளிருப்பின் தாயின் கீழ் நசுங்கி இறக்கும் குட்டிகளைக் காப்பாற்றலாம்.

குருதியிலுள்ள ஓமோன்கள், கமக்காரர் கொடுத்த தீனையும், தெரிந்த பரம்பரையையும், பன்றி நின்ற கொட்டிலையும் எண்களாகத் திருப்பிக் கூறுகின்றன. ஆராய்ச்சிக்கூடம் இல்லாதவிடத்தும் அவற்றிற் பெரும்பாலானவை வீக்கமாகவும், அசையாது நிற்றலாகவும், மெலிவாகவும், கூடுகட்டலாகவும் வெளியே தோன்றுகின்றன. அவற்றை நாள்தோறும் பார்த்துத் திகதியோடு எழுதிவைக்கும் கமக்காரர், வெறுமையாக நிற்கும் பன்றியை 114ஆம் நாளில் அன்றி 21ஆம் நாளிலேயே அறிந்துகொள்வர். அவ்வாறு மிஞ்சும் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட தீன், பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டிய வேளையிற் பயன்படும்.